இயந்திரத்துக்கு லயம் கற்பித்தவர்

தாளம் தவறுவதற்கே வழியில்லாத வாத்தியம் ஒன்று உண்டென்றால் அது மின்சாரத்தால் இயங்கும் தாள இயந்திரம்தான். அதன் தட்டுகளை விரலால் தட்டுகிறவர் சற்றே முந்தினாலும் பிந்தினாலும், உள்ளேயிருக்கும் திருத்தும் ஏற்பாடு அந்த அடியை அருகிலுள்ள சரியான இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். வாசித்தவருக்கு லய ஞானம் இருந்ததா இல்லையா என்பது கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. கற்றுக்குட்டிகளுக்கு வரப்பிரசாதமாக வந்த இந்த ஏற்பாட்டைச் சில இடங்களில் வேண்டாமென்று ஒதுக்கியும், சில இடங்களில் தம் விருப்பம்போல் வளைத்தும், அடிகளை இம்மி இம்மியாக நகர்த்தி வைத்து, இயந்திரத்தைக்கொண்டே மனிதக் கையின் தள்ளாட்டத்தைச் சிருஷ்டித்த ஒருவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்தார். ஜேம்ஸ் டெவிட் யான்சி என்பது பெற்றோர் இட்ட பெயர். ஹிப் ஹாப் உலகம் அவரை முதலில் ஜே டீ என்றும், 2001 முதல் ஜே டில்லா என்றும் அழைத்தது. 1974 பிப்ரவரி 7-இல் பிறந்தவர், 2006 பிப்ரவரி 10-இல் மறைந்தார்.

அவரைப் பற்றி எழுதப்புகும் பலர் மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். இளமையில் நேர்ந்த மரணமும், உடல் ஒடுங்கிய நிலையிலும் கைவிடாத தொழிலும் யாருடைய நெஞ்சையும் உருக்கக்கூடியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தச் சோகத்தின் வழியாகவே ஒரு கலைஞரைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் எதற்காக நினைக்கப்பட வேண்டுமோ அது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. டில்லா நோயாளியாக இருந்தது சில ஆண்டுகளே. அதற்கு வெகுகாலம் முன்பே அவர் தேர்ந்த லய வித்வானாகிவிட்டார். அவருடைய ரசிகனாகிய எனக்கு அந்த வித்துவத்தைப் பற்றிச் சொல்லவே ஆசை.

ஹிப் ஹாப் இசை 1970களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஏழ்மையில் உழன்ற கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து குடியேறியவர்களும் வாழ்ந்த தெருக்களின் கொண்டாட்டங்களில் பிறந்தது. வாத்தியம் வாங்கவும் ஆசிரியர் வைத்துக் கற்கவும் வசதியில்லாத இளைஞர்கள், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, பாட்டு அடங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில விநாடிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு, முடிவில்லாத ஒரு தாளத்தை உண்டாக்கினார்கள். அதன்மேல் எதுகையும் சந்தமும் அமைந்த பேச்சை ஓடவிட்டதே ராப். பின்னால் சாம்ப்ளர் என்ற கருவி வந்தது. இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டு ஒலியை எடுத்து நினைவில் வைத்துக்கொண்டு, விரல் தட்டும்போதெல்லாம் அதைத் திருப்பித் தரும் கருவி அது. அதைக்கொண்டு பழைய ஒலிகளிலிருந்து புதிய இசையைக் கட்டித் தருகிறவரையே அவ்வுலகில் ப்ரொட்யூசர் என்கிறார்கள். ராப் பாடுகிறவரின் முகம் இசைத்தட்டின் உறையை அலங்கரிக்கும். ப்ரொட்யூசரின் பெயர் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். டில்லாவின் பெயர் பெரும்பாலும் அந்தச் சிறிய எழுத்திலேயே இருந்தது.

டெட்ராய்ட் மோட்டார் தொழிலால் வாழ்ந்து, அந்தத் தொழில் தேய்ந்ததால் நலிந்த ஊர். 1959-இல் பெர்ரி கோர்டி தொடங்கிய மோட்டவுன் இசை நிறுவனம் அங்கேதான் எழுந்து உலகமெங்கும் கறுப்பினப் பாடகர்களின் குரலைக் கொண்டுசென்றது. அந்நகரின் வடகிழக்கே, கறுப்பினக் குடும்பங்கள் சொந்த வீடு கட்டிக்கொண்டு கண்ணியமாக வாழ்ந்த கோனன்ட் கார்டன்ஸ் என்ற குடியிருப்பில் டில்லா வளர்ந்தார். தந்தை பெவர்லி டெவிட் யான்சி ஜாஸ் இசையில் பேஸ் வாசித்தவர். தாய் மொரீன் யான்சி ஆபரா சங்கீதம் பயின்று பாடியவர். வீடு முழுவதும் இசைத்தட்டுகள். நடை பழகும் பருவத்திலேயே அந்தப் பிள்ளைக்கு அவற்றின்மேல் அளவற்ற மோகம் இருந்ததாகத் தாயார் சொல்லியிருக்கிறார். பள்ளிப் பருவத்தில் டி3, பாட்டின் என்ற இரு தோழர்களோடு சேர்ந்து ஸ்லம் வில்லேஜ் என்ற குழுவை அமைத்தார்.

அதே குடியிருப்பில் ஆம்ப் ஃபிட்லர் என்ற கீபோர்டு வித்வான் இருந்தார். ஜார்ஜ் கிளின்டனின் புகழ்பெற்ற ஃபங்க் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தவர்; தம் வீட்டிலிருந்த கருவிகளை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தொட்டுப் பழகத் தாராளமாக அனுமதித்தவர். ஜப்பானின் அகாய் நிறுவனத்துக்காக ரோஜர் லின் என்ற அமெரிக்கர் வடிவமைத்து 1988-இல் வெளிவந்த எம்பிசி60 என்ற கருவியை டில்லா முதன்முதலாகக் கையாண்டது ஃபிட்லரின் வீட்டில்தான். நான்கு வரிசைகளில் நான்கு நான்காகப் பதினாறு ரப்பர் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஓர் ஒலி. அவ்வளவே அதன் வெளித்தோற்றம். 1994-இல், லாலபலூசா என்ற இசைப் பயணத்தில் உடன் வந்த ட்ரைப் கால்ட் க்வெஸ்ட் குழுவின் க்யூ-டிப்பிடம் ஃபிட்லர் இந்த இளைஞரை அறிமுகம் செய்துவைத்தார். பையனின் ஒலிநாடாவைக் கேட்ட க்யூ-டிப் அதை நண்பர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். டெட்ராய்டின் ஒரு நிலவறையில் செய்த இசை நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் பரவியது இவ்விதமே.

1995-இல் ஃபார்சைட் குழுவுக்காக அவர் செய்த 'ரன்னின்' என்ற பாட்டில், ஸ்டான் கெட்ஸும் பிரேசில் நாட்டு லூயிஸ் போன்ஃபாவும் சேர்ந்து பதிவுசெய்த ஒரு போஸா நோவாவின் கிட்டார் துண்டு மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். அடுத்த ஆண்டு டி லா சோல் குழுவின் 'ஸ்டேக்ஸ் இஸ் ஹை' வந்தது. க்யூ-டிப், அலி ஷஹீத் முகம்மது ஆகியோரோடு உம்மா என்ற கூட்டணியில் சேர்ந்து ட்ரைப் குழு 1990களின் பிற்பாதியில் வெளியிட்ட தொகுப்புகளுக்கு உழைத்தார். 2000-இல் காமன் பாடிய 'தி லைட்' வானொலிகளில் ஓயாமல் ஒலித்தது. அதில் பாபி கால்ட்வெல்லின் காதற்பாட்டு ஒன்று மறுபிறவி எடுத்திருந்தது. பட்டியல் இன்னும் நீளும். நாம் கவனிக்க வேண்டியது அந்தப் பாட்டுகளின் அடித்தளத்தில் நடந்த காரியத்தை.

மேல்நாட்டு டிரம்ஸில் காலால் மிதிக்கும் பெரிய பறையின் ஆழ்ந்த ஒலி கிக். கோலால் அடிக்கும் சிறு பறையின் வெடிப்பு ஸ்நேர். இரட்டைத் தாளம்போல் ஓயாமல் சலசலப்பது ஹை-ஹேட். சாதாரண ஹிப் ஹாப் பாட்டில் இந்த மூன்றும் ஒரே கால ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவை. டில்லாவோ மூன்றையும் மூன்று விதமான காலத்தில் நடக்கவிட்டார். ஸ்நேர் வர வேண்டிய நேரத்துக்கு மயிரிழை முன்பே வந்துவிடும். கிக் சோம்பல் முறித்துக்கொண்டு பின்னால் வரும், அல்லது எதிர்பாராத இடத்தில் இடறும். ஹை-ஹேட் இவ்விரண்டையும் கண்டுகொள்ளாமல் தன் நடையில் போகும். நம் கச்சேரிகளில் பாட்டு தாளத்துக்கு முந்தித் தொடங்கும் அதீத எடுப்பையும், பிந்தித் தொடங்கும் அனாகத எடுப்பையும் அறிந்தவர்களுக்கு, சமத்திலிருந்து விலகி நிற்பதில் உள்ள சுகத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நமது எடுப்பின் விலகலைக் கையால் எண்ணிக் காட்டிவிடலாம். டில்லாவின் விலகலை எண்ண முடியாது. அவருடைய கருவி ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைப்பட்ட காலத்தை 96 கூறுகளாகப் பிரித்து வைத்திருந்தது. நிமிடத்துக்கு 90 அடி என்ற நடையில் ஒரு கூறு என்பது ஒரு விநாடியில் ஏறத்தாழ 144-இல் ஒரு பங்கு. அத்தகைய சில கூறுகளை முன்னும் பின்னும் தள்ளி வைப்பதில்தான் அவருடைய ஜாலம் இருந்தது. காதுக்கு அது பிழை என்று படுவதில்லை. ஏதோ ஒரு சரீரம் அசைகிறது என்று மட்டும் படுகிறது.

திருத்தும் விசையை அணைத்துவிட்டு மனம்போன போக்கில் தட்டினார், அதனால் வந்த விளைவு இது என்று பலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மைகூட அன்று. டான் சார்னாஸ் என்ற எழுத்தாளர் 2022-இல் வெளியிட்ட 'டில்லா டைம்' என்ற நூலில், எந்த ஒலியைத் திருத்துவது, எதை அப்படியே விடுவது, எதை எத்தனை கூறு நகர்த்துவது என்பதெல்லாம் டில்லா நன்கு தெரிந்து செய்த தேர்வுகள் என்று விரிவாக நிறுவியிருக்கிறார். கவனக்குறைவு என்று நினைத்ததெல்லாம் மிகுந்த கவனம் என்று தெரியவரும்போது ஒரு ரசிகனுக்கு உண்டாகும் ஆனந்தத்தை எப்படிச் சொல்வது! அவருடைய வேலைக்கூடம் அப்பழுக்கில்லாமல் துடைத்து, ஒவ்வொரு இசைத்தட்டும் அதனதன் இடத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் என்று கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மனிதர் அடிகளை மட்டும் ஏனோதானோவென்று இறைத்திருப்பாரா?

அந்தக் கவனத்துக்கு ஓர் உதாரணம். பிளாக் ஸ்டார் குழுவுக்கு அவர் அமைத்துக்கொடுத்த 'லிட்டில் பிரதர்' என்ற பாட்டின் மூலம், ராய் அயர்ஸ் என்ற ஜாஸ் வித்வானின் பழைய பதிவு ஒன்று. அந்தப் பதிவில் வாத்தியங்களின்மேல் அயர்ஸின் பேச்சு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். தனியாக வாத்தியம் ஒலிக்கும் நீண்ட இடம் கிடையாது. வேறொருவராயிருந்தால் அந்தத் தட்டை உறையிலிட்டு மூடி வைத்திருப்பார். டில்லாவோ பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் எட்டிப்பார்த்த இசைச் சில்லுகளைப் பொறுக்கி எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, பேச்சே இல்லாத ஒரு சுழற்சியை உண்டாக்கினார். அதைக் கேட்கிறவருக்கு இது எங்கும் ஒட்டுப்போட்டதாகவே தோன்றாது. எந்நாளோ ஒரு குழு கூடத்தில் அமர்ந்து இவ்விதமே வாசித்தது என்றுதான் தோன்றும்.

இயந்திரத்தில் பிறந்த இந்த லயத்தை மனிதர்கள் கையால் வாசிக்கக் கற்றுக்கொள்ள முயன்றதுதான் இந்தக் கதையின் மிக விசேஷமான திருப்பம். தி ரூட்ஸ் குழுவின் டிரம்ஸ் வித்வான் க்வெஸ்ட்லவ், 1990களின் நடுவில் ஃபார்சைட் குழுவின் கச்சேரி ஒன்றில் டில்லாவின் கிக் ஒலி இடறி இடறி விழுவதைக் கேட்டுத் திகைத்துப்போனதைப் பல முறை சொல்லியிருக்கிறார். கடிகாரம்போல் பிசகாமல் வாசிப்பதையே சிறுவயது முதல் சாதகம் செய்தவர் அவர். நியூயார்க்கில், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் உண்டாக்கிய எலக்ட்ரிக் லேடி ஒலிப்பதிவுக்கூடத்தில், டி'ஆஞ்சலோ என்ற பாடகரின் 'வூடூ' தொகுப்புக்காக நீண்ட காலம் நடந்த பதிவுகளில், தாம் கற்றதை மறந்து, பின்தங்கியும் தள்ளாடியும் வாசிக்கப் பழகினார். 2000-இல் வெளிவந்த அத்தொகுப்பில் டில்லாவின் பெயர் பிரதானமாக எங்கும் இல்லை. அவருடைய காலப் பிரமாணமோ எல்லாப் பாட்டுகளிலும் ஊடுருவி நிற்கிறது. அதே ஆண்டில் எரிகா பாடு வெளியிட்ட 'மாமாஸ் கன்' தொகுப்பில் 'டிட்ன்ட் சா நோ' என்ற பாட்டுக்கு அடிப்படையான இசைத்தட்டை, டில்லாவின் வீட்டுக்கு வந்த பாடு தாமே அவருடைய சேகரத்திலிருந்து தேர்ந்தெடுத்தார். அதில் எந்தத் துண்டை எப்படி எடுப்பது என்று டில்லா கற்றுக்கொடுத்தார். புகழ் தம் பக்கம் திரும்ப வேண்டுமென்று அவர் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

2002-இல் நோய் கண்டது. இரத்தத்தின் நுண்தட்டுகள் குறைந்து சிறு நாளங்களில் இரத்தம் உறைந்து கட்டிகள் உண்டாகும் டிடிபி என்ற அரிய வியாதி; அதோடு உடலின் தற்காப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் குடியேறி, காமனோடு ஒரே வீட்டில் சிறிது காலம் இருந்தார். அங்கே மேட்லிப் என்ற சக கலைஞரோடு அவருக்கு நெருங்கிய தோழமை. இருவரும் ஒருவர் அமைத்த இசைக்கு மற்றவர் ராப் பாடி 'சாம்பியன் சவுண்ட்' என்ற தொகுப்பை 2003-இலேயே வெளியிட்டிருந்தார்கள். 2005-இல் பல வாரங்கள் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில் கழிந்தன. தாயார் டெட்ராய்டை விட்டு வந்து மகனின் அருகிலேயே இருந்தார். வீங்கிய விரல்களை அவர் பிடித்துவிட்ட பிறகு மகன் மீண்டும் கருவியைத் தொடுவாராம். அவ்வாண்டின் இறுதியில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ஐரோப்பாவுக்குச் சென்று மேடையேறினார்.

'டோனட்ஸ்' என்ற தொகுப்பு 2006 பிப்ரவரி 7-இல், அவருடைய பிறந்த நாளன்று வெளிவந்தது. மூன்றாம் நாள் அவர் இல்லை. முழுத் தொகுப்பும் மருத்துவமனைக் கட்டிலில் உருவானது என்ற பேச்சு உலகெங்கும் பரவியிருக்கிறது. அதன் பெரும்பகுதி முன்னதாக வீட்டிலேயே செய்யப்பட்டது என்பதைச் சார்னாஸின் நூல் எடுத்துக்காட்டுகிறது. இதனால் அந்தத் தொகுப்பின் மதிப்பு குறைந்துவிட்டதாகச் சிலர் வருந்துகிறார்கள். எனக்கோ அது கூடியிருப்பதாகவே படுகிறது. இரக்கத்தைத் துணைக்கு அழைக்காமலே அது நிற்கும்.

அதில் 31 துண்டுகள், மொத்தம் ஏறத்தாழ 43 நிமிடங்கள். பெரும்பாலானவை ஒன்றரை நிமிடத்தைத் தாண்டுவதில்லை. ராப் இல்லை, பழைய இசைத்தட்டுகளின் குரல்களே வெட்டப்பட்டுப் பேசுகின்றன. 'டோன்ட் க்ரை' என்ற துண்டைப் பாருங்கள். நியூ ஜெர்சியின் ராவே சிறைச்சாலைக்குள்ளேயே உருவான எஸ்கார்ட்ஸ் என்ற பாடகர் குழுவின் சோகப்பாட்டு அதன் மூலம். முதலில் அந்தப் பாட்டை ஏறக்குறைய உள்ளபடியே சிறிது நேரம் ஓடவிடுகிறார், கேட்பவருக்கு மூலம் பழகட்டும் என்று. பிறகு அதே பாட்டைச் சின்னஞ்சிறு சில்லுகளாக உடைத்து, வரிசை மாற்றி, புதிய தாளத்தில் அடுக்குகிறார். சொற்கள் சிதைந்துபோகின்றன, அழுகை மட்டும் சிதையவில்லை, இன்னும் தீவிரமாகிறது. கைத்திறனைக் கேட்பவருக்கு முன்னாலேயே திறந்து காட்டிய தைரியம் இது. 'டைம்: தி டோனட் ஆஃப் தி ஹார்ட்' என்பதில் ஜாக்சன் 5 குழுவின் இளம் குரல்களோடு இழையும் தாளம், நடுவில் கால் சோர்ந்தவர்போல் மெல்லத் தளர்ந்து வேகம் குறைகிறது, இயந்திரம் களைப்படைந்ததை நான் முதன்முதலாகக் கேட்டது அங்கேதான். முடிவுரை என்று பெயரிட்ட துண்டு தொகுப்பின் தொடக்கத்திலும், வரவேற்பு என்று பொருள்படும் துண்டு இறுதியிலும் இருக்கின்றன. கடைசித் துண்டின் வால் முதல் துண்டின் தலையோடு பொருந்தி வட்டமாகிவிடுகிறது.

அவருக்குப் பின் நடந்தவை சுருக்கமாகவே சொல்லத்தக்கவை. ஜாஸ் பியானோ கலைஞர் ராபர்ட் கிளாஸ்பர் 2007-இல் வெளியிட்ட தொகுப்பில் டில்லாவின் இசையைத் தம் குழுவோடு வாசித்து அஞ்சலி செய்தார். 2009-இல் இசையமைப்பாளர் மிகெல் அட்வுட்-ஃபெர்குசன் டில்லாவின் இசையைப் பெரிய வாத்தியக் குழுவுக்கு அமைத்து, தாயார் மொரீனின் செல்லப்பெயரால் 'சூட் ஃபார் மா டியூக்ஸ்' என்று அரங்கேற்றினார். 2014-இல், டில்லா பின்னாளில் கையாண்ட எம்பிசி3000 கருவியையும் மூக் சின்தசைசரையும் தாயார் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அமைப்பின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அளித்தார். இன்றைக்கு ஜாஸ் பயிலும் இளைஞர்கள் அந்தத் தள்ளாட்டத்தை மெட்ரோநோமை எதிரில் வைத்துக்கொண்டு சாதகம் செய்கிறார்கள். மாணவர்கள் படிக்கும்போதே கேட்க இணையத்தில் ஓயாமல் ஓடும் லோ-ஃபை இசையும் அவரிடமிருந்து பெற்றது ஏராளம். அவற்றில் பலவற்றில் மேற்பூச்சான மயக்கம் இருக்கிறதே தவிர, அடிகளுக்குள் அவர் வைத்த விவாதம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கேட்டுப் பழக விரும்பும் வாசகர்கள் 'ரன்னின்'னில் தொடங்கலாம். அது யாரையும் மிரட்டாது. அடுத்து 'தி லைட்'. பிறகு 'டோனட்ஸ்' தொகுப்பை இடையில் நிறுத்தாமல், தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். உங்கள் கை எங்கெங்கே தயங்குகிறதோ அங்கெல்லாம் அவர் ஏதோ செய்திருக்கிறார் என்று அறியலாம். காது பழகிய பின்னரே, ஸ்லம் வில்லேஜ் தோழர்களோடு செய்து 2000-இல் வெளிவந்த 'ஃபென்டாஸ்டிக், வால்யூம் 2' தொகுப்புக்குப் போக வேண்டும். அதன் சொற்களில் இளமையின் முரட்டுத்தனம் சில இடங்களில் உண்டு. எல்லோருக்கும் அது உவப்பாக இராது. ஆயினும் கிக்கும் பேஸும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு தாமதிக்கும் அழகை அவ்வளவு நிறைவாக அவர் வேறெங்கும் செய்யவில்லை. கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் அந்த ஆழ்ந்த ஒலி வராது; நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.